பட்டைக்கும் சோற்றுக் கணக்குக்கும் ஒயர் கொடுக்கலாமா?

செங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். வயல் பம்புசெட், வீட்டு சப்மெர்சிபிள், கிரைண்டர் என்று எது புகைந்தாலும் கடைக்கு வரும். இருபது வருடத்துக்கு மேல் மீட்டர் பிடித்த கைக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக எந்த மீட்டர் வந்தாலும், தெரிந்த லோடில் வைத்துப் பார்க்காமல் அது காட்டும் எண்ணை நம்பாது. கையில் கட்டுகிற ஃபிட்னஸ் பேண்டையும், சாப்பாட்டுக் கலோரி எழுதுகிற செயலியையும் இணைக்கலாமா வேண்டாமா என்று பார்ப்பதற்கே எனக்கு மூன்று மாதம் ஓடியது இந்த வியாதியால்தான்.

போன ஆனி மாதம், சாரல் பிடித்த முதல் வாரத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை வியாதி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது, இன்னும் உள்ளே வரவில்லை. எடை 84 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், வயது 47. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "ஆறேழு கிலோ குறைங்க, தினம் நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

மகள் திருநெல்வேலியில் காலேஜ் படிக்கிறாள். அந்த வாரக் கடைசியில் வந்தவள், தன் கையில் கிடந்த பேண்டைக் கழற்றி என் கையில் மாட்டி, என் போனிலும் ஏதேதோ ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். பேண்ட் என்று எழுதினால் கால்சட்டை என்று படித்துவிடுவீர்கள், அதனால் இனிமேல் பட்டை என்கிறேன். அந்தப் பெயரை வைத்தது அம்மாதான். "நெத்தியில பட்டை போடுடான்னா போட மாட்டான், இப்ப கையில போட்டுக்கிட்டு அலையுதான்."

சாப்பாட்டுச் செயலியைத் திறந்ததும் அது கேட்ட முதல் கேள்வி: உங்கள் பட்டையை இணைக்கவா? நான் "பிறகு" என்பதை அழுத்தினேன். இரண்டு மீட்டரையும் தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்து ஒயர் கொடுத்தால், பிழை எங்கே இருக்கிறது என்று கடைசி வரை தெரியாது.

முதல் இரண்டு வாரம் சாப்பாட்டுப் பக்கம் மட்டும். செயலி வயது, எடை, உயரம் வாங்கிக்கொண்டு போடுகிற கணக்கில் ரகசியம் ஒன்றும் இல்லை. 1990-ல் வந்த மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரம்தான் பல செயலிகளிலும் ஓடுகிறது. எடையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி. ஆண் என்றால் 5 கூட்டு, பெண் என்றால் 161 கழி. எனக்கு 840, அதோடு 1,050, அதில் 235 போக, 5 கூட்டினால் 1,660 கலோரி. நாள் முழுக்கச் சும்மா படுத்துக் கிடந்தாலும் உடம்பு எரிப்பது அவ்வளவு.

எனக்கு எதையும் கரண்டில் சொன்னால்தான் உறைக்கும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கலோரி. (சாப்பாட்டில் நாம் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோ கலோரி.) 1,660 என்றால் இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. இருபத்து நாலு மணி நேரத்துக்கு வகுத்தால் 80 வாட். பழைய சீலிங் ஃபேன் ஒன்று ஓடுகிற கரண்டில் இந்த உடம்பு மூச்சு விட்டு, ரத்தம் ஓட்டி, சூடு காத்து, என் கோபத்தையும் தாங்கி ஓடுகிறது. அன்று எனக்கு என் மேலேயே கொஞ்சம் மரியாதை வந்தது.

உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நான் தேர்ந்தெடுத்திருந்ததால் அந்த 1,660-ஐ 1.2-ஆல் பெருக்கி, சுமார் 1,990 என் ஒரு நாள் செலவு என்றது. வாரம் அரைக் கிலோ குறைய வேண்டும் என்பதற்காக 500 கழித்து, தினம் 1,490 சாப்பிடு என்று உத்தரவு.

அளக்கத் தராசு வேண்டும். கடையில் செப்புக் கம்பி எடை போடுகிற சின்ன மின்தராசை வீட்டுக்குக் கொண்டுபோனேன். "வார்னிஷ் நாத்தம் அடிக்கிற தராசுல சோத்த வைக்காதீங்க" என்று வீட்டில் சண்டை. துடைத்து, தட்டுக்கு மேல் ஒரு வாழை இலைத் துண்டு போட்ட பிறகு சமாதானம்.

சோற்றை வெந்த பிறகு அளப்பது வீண் வேலை. குழைவாக வடித்தால் ஒரு எடை, விறைப்பாக வடித்தால் வேறு எடை, தண்ணீர்தான் வித்தியாசம். அதனால் உலையில் போடும் முன் அரிசியை அளந்து, 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 என்று வைத்து, பானைச் சோற்றை எத்தனை பங்காகப் பிரித்தோம் என்று பார்த்தேன். செயலியில் "புட்டு ஒரு குழல்" என்று தேடினால் ஆளாளுக்கு ஏற்றி வைத்த எண்கள் வந்தன. ஒன்றுக்கு ஒன்று இரண்டு மடங்கு வித்தியாசம். யார் வீட்டுக் குழலோ, எவ்வளவு தேங்காய் போட்டார்களோ. அதை விட்டுவிட்டு, ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையை வைத்து, அரிசி, பருப்பு, தேங்காய், கிழங்கு என்று சமைக்கும் முன்னுள்ள சரக்காகவே எழுத ஆரம்பித்தேன்.

அப்படியும் ஒன்று தப்பித்துக்கொண்டே இருந்தது. எண்ணெய். என் மனைவி மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவு. தாளிப்பதும் பொரிப்பதும் தேங்காய் எண்ணெய், இறக்கும்போது மேலே ஒரு சுற்றுப் பச்சை எண்ணெய் விட்டால்தான் கறிக்கு மணம் என்பது அந்த ஊர்ச் சட்டம். அந்தச் சுற்று எத்தனை கிராம் என்று கேட்டால் யார் சொல்வார்கள்? நான் பாட்டிலின் மேல் மார்க்கர் பேனாவால் தேதி எழுதினேன். ஒரு லிட்டர் பத்து நாளில் தீர்ந்தது. லிட்டர் என்றால் சுமார் 920 கிராம், கிராமுக்கு 9 கலோரி, ஆக 8,280. வீட்டில் நான், மனைவி, அம்மா, மகன். பத்து நாளுக்கும் நாலு பேருக்கும் வகுத்தால் ஆளுக்குத் தினம் 207. அப்பளம் பொரித்த மிச்சம், கீழே ஊற்றியது எல்லாம் கழித்தாலும் 180 வரும். இரண்டு வாரமாக நான் எழுதிய 1,500-ல் இது சேரவே இல்லை.

கலோரி கணக்கு எழுதுகிற யாருக்கும் இதைச் சொல்வேன். செயலியில் வரி வரியாகத் தேடுவதற்கு முன்னால் எண்ணெய் பாட்டிலில் தேதி போடுங்கள்.

அப்புறம் மூன்றாவது வாரம், இணைத்தேன்.

இணைப்பு என்றால் நேர் ஒயர் கிடையாது. பட்டைக்கு என்று ஒரு செயலி, அது கூகுளின் ஹெல்த் கனெக்ட் என்ற பொதுப்பெட்டியில் எழுதும், சாப்பாட்டுச் செயலி அந்தப் பெட்டியிலிருந்து படிக்கும். ஆண்ட்ராய்டு 14 முதல் இந்தப் பெட்டி போனுக்குள்ளேயே வருகிறது. ஜங்ஷன் பாக்ஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்பதற்குத் தனித்தனி சுவிட்ச் உண்டு. நான் அவசரத்தில் "அனைத்தையும் அனுமதி" என்பதைத் தட்டினேன். மோட்டாரில் ஒருநாளும் இப்படிச் செய்ய மாட்டேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணி. அதுவரை 1,150 சாப்பிட்டிருந்தேன். செயலி சிரித்த முகத்தோடு, இன்னும் 1,835 பாக்கி இருக்கிறது என்றது. எனக்கே சந்தேகம்தான். ஆனால் பசி சந்தேகத்தை விடப் பெரிது. பைக்கை எடுத்துக்கொண்டு புளியரைப் பக்கம் போய், மூன்று பரோட்டா, சால்னா, ஒரு பிளேட் மிளகுக் கோழி. சாரலில் நனைந்துகொண்டு தின்கிற பரோட்டாவுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாதுதான், ஆனால் அன்று கணக்கே அனுமதி கொடுத்திருந்தது. ராத்திரி படுக்கும்போது செயலியில் எல்லாம் பச்சை.

மறுநாள் காலையில் தாளில் பிரித்து எழுதினேன். இலக்கு 1,490. அதோடு பட்டை அனுப்பியது 1,245. அதோடு இன்னொரு 250. மொத்தத்தில் சாப்பிட்ட 1,150-ஐக் கழித்தால் 1,835. சரி, அந்த 1,245 எங்கிருந்து வந்தது?

அனுமதிப் பக்கத்தில் "ஆக்டிவ் கலோரீஸ்", "டோட்டல் கலோரீஸ்" என்று இரண்டு வரி இருக்கிறது. முதலாவது, அசைந்ததற்கு மட்டும். இரண்டாவது, சும்மா கிடந்ததையும் சேர்த்து. பட்டை அனுப்பிய மொத்தத்தை என் செயலி அப்படியே உடற்பயிற்சி என்று எடுத்துக் கூட்டிவிட்டது. சும்மா கிடக்கிற செலவு ஏற்கெனவே 1,990-க்குள் இருக்கிறதே! ஒரே லோடுக்கு இரண்டு மீட்டர் வைத்து இரண்டு பில்லையும் கட்டின கதை. அந்த 250 யாருடையது என்று பார்த்தால், பாக்கெட்டில் கிடந்த போன் தன் பங்குக்கு அடி எண்ணி அதே பெட்டியில் எழுதியிருக்கிறது. நடந்தது ஒரு தடவை, எழுதியது இரண்டு பேர். ஹெல்த் கனெக்டில் எந்த மூலம் முதலில் என்று வரிசைப்படுத்தும் இடம் உண்டு. போனைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.

மொத்தக் கலோரியை வாங்கினாலும் ஒழுங்காகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. செயலி தான் மதிப்பிட்ட ஒரு நாள் செலவைப் பட்டையின் மொத்தத்திலிருந்து கழித்து, மிச்சத்தை மட்டும் கூட்ட வேண்டும். பல செயலிகளில் இந்தச் சரிக்கட்டல் இருக்கிறது, எனதிலும் அமைப்புகளுக்குள் புதைந்து கிடந்தது. அதன் கீழேயே இன்னொரு சுவிட்ச், மைனஸ் வந்தால் கழிக்கலாமா என்று. அது அணைந்து கிடந்தது. அணைந்தே இருந்தால் நடந்த நாளில் கூட்டிக் கொடுக்கும், நடக்காத நாளில் எதுவும் பிடிக்காது. லாபத்தில் மட்டும் பங்கு கேட்கிற பார்ட்னர் மாதிரி. வாரக் கடைசியில் கணக்கு எப்போதும் சாப்பிடுகிறவன் பக்கமே சாயும். அதையும் போட்டேன்.

மறுநாள் குண்டாறு அணைப் பக்கம் போய் வந்து ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். நாள் முடிவில் செயலி மைனஸ் 380 என்றது. நடந்ததற்குத் தண்டனை.

இங்கேதான் தொழில் கைகொடுத்தது. ஒரு மோட்டார் என்ன கரண்ட் இழுக்கிறது என்று புரியவில்லை என்றால், பெல்ட்டைக் கழற்றிவிட்டு நோ லோடில் ஓட்டிப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ராத்திரி பன்னிரண்டிலிருந்து மறுநாள் ராத்திரி பன்னிரண்டு வரை, பட்டையைக் கழற்றி பீரோ மேல் வைத்தேன். யார் கையிலும் இல்லாவிட்டாலும் பல பட்டைகள் சும்மா கிடக்கிற செலவை எழுதிக்கொண்டேதான் இருக்கும். சூத்திரத்தில் போட்டு நிரப்புகிற எண் அது, கையில் அளந்து எடுப்பதில்லை. என் பட்டை காட்டியது 1,262.

நான் 1,660. இது யார் 1,262? கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மகளுக்குப் போன் போட்டேன். "உன் எடை என்ன, உயரம் என்ன?" 54 கிலோ, 158 சென்டிமீட்டர், வயது 21. 540, அதோடு 987.5, அதில் 105 போக, 161 போக, 1,261.5.

"யப்பா, அது என் ப்ரொஃபைல்லதான் ஓடுதா? நீங்க மாத்தலையா?"

மூன்று வாரமாக நான் செங்கோட்டைத் தெருக்களில் 54 கிலோப் பெண்பிள்ளையாக நடந்திருக்கிறேன். மாற்றினேன். அடுத்த ஞாயிறு நோ லோடில் 1,658. இது போதும்.

அதற்குப் பிறகு பட்டை தினம் சராசரி 2,480 என்று காட்டத் தொடங்கியது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் ஒரு நாள் மதியம் கடையில் ஸ்டூலை விட்டு எழும்பாமல் ஒரு ஒரு-ஹெச்பி பம்புக்குக் காயில் சுற்றி முடித்துவிட்டுப் பார்த்தால் 1,400 அடி ஏறியிருந்தது. கைப்பிடி போட்ட சுற்று மெஷின், வலது கை. பட்டைக்குள் அடி எண்ணுவது அசைவு உணர்கிற சின்னச் சில்லுதான். தாளத்தோடு கை ஆடினால் நடை என்று எண்ணும். அதே பட்டை, மோட்டாரைத் தள்ளுவண்டியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போனபோது பாதி அடியைத் தவறவிட்டது. உழைத்தது கணக்கில் இல்லை, உட்கார்ந்தது கணக்கில் இருக்கிறது. சில ஆபீஸ்களை நினைத்துக்கொண்டேன். இடது கைக்கு மாற்றிக் கட்டி, அமைப்பிலும் இடது என்று மாற்றியதும் சராசரி 2,400-க்கு இறங்கியது.

ஏற்றம் தனிக் கதை. புளியரை எஸ் வளைவு தாண்டிக் கோட்டைவாசல் பக்கம் மேலே நடந்து பார்த்தேன். கணக்குக்கு நூறு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 84 கிலோவை நூறு மீட்டர் தூக்க 82 கிலோ ஜூலுக்குக் கொஞ்சம் மேல், அதாவது 20 கலோரி. தசை என்ற மோட்டாரின் திறன் நாலில் ஒரு பங்குதான், மிச்சம் சூடாகப் போகும், அதனால் 80 கலோரி செலவு. சமதரையில் நடக்கிற செலவுக்கு மேல் இது தனி. உயரமானி இல்லாத பட்டைக்கு இது நேராகத் தெரியாது. மூச்சு வாங்கி அடி குறைவதால் மெதுவாக நடக்கிறான் என்று நினைக்கும், நெஞ்சுத் துடிப்பை வைத்துக் கொஞ்சம் ஈடுகட்டும். இறங்கும்போது விறுவிறு என்று அடி விழும், அதற்கு அள்ளிக் கொடுக்கும். போகட்டும், 80 கலோரி என்பது ஆரியங்காவுக் கடையில் ஒரு கை நேந்திரம் சிப்ஸ். பதினைந்து கிராம்.

பட்டை மட்டும் மோசம் என்று சொல்ல வரவில்லை. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு வகைக் கைப்பட்டைகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, நெஞ்சுத் துடிப்பை ஐந்து சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே நல்ல பட்டைக்கே சராசரிப் பிழை 27 சதவீதம். துடிப்பு அளப்பது. கலோரி ஊகிப்பது. இரண்டும் ஒரே திரையில் ஒரே எழுத்தில் வருவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

அப்படியானால் எதை வைத்து மீட்டரைச் சரிபார்ப்பது? எடை மெஷின் இருக்கிறது. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ என்றால் ஏறக்குறைய 7,700 கலோரி. ஆடி பாதியிலிருந்து நாலு வாரம், இணைப்பை முழுக்கத் துண்டித்துவிட்டு, தினம் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, வாரத்துக்கு ஒரு சராசரி எடுத்தேன். ஒரு நாள் எடையை நம்பவே கூடாது. மதினி வீட்டில் மரச்சீனிக்கிழங்கும் மீன் கறியும் தின்ற மறுநாள் 1.2 கிலோ கூடியிருந்தது. உப்பும் தண்ணீரும்தான், மூன்று நாளில் இறங்கியது. இது தெரியாமல் அன்று பட்டினி கிடந்திருந்தால் கிறுக்குத்தனம்.

நாலு வாரத்தில் எண்ணெயையும் சேர்த்து நான் எழுதிய சாப்பாட்டுச் சராசரி 1,850. எடை 83.1-லிருந்து 82.0. இறங்கிய 1.1 கிலோவை 7,700-ஆல் பெருக்கி 28 நாளுக்கு வகுத்தால் தினம் 300 துண்டு விழுந்திருக்கிறது. ஆக என் உண்மைச் செலவு சுமார் 2,150. பட்டை சொன்னது 2,400.

வித்தியாசம் 250-தானே என்று தோன்றும். ஆனால் பட்டையை நம்பி 2,400-ல் 500 கழித்து 1,900 சாப்பிட்டிருந்தால், உண்மையில் துண்டு விழுவது 250 மட்டும். வாரம் அரைக் கிலோ என்று நினைத்துக்கொண்டு கால் கிலோ இறங்குவேன், நமக்கு உடம்பு வாகு அப்படி என்று விதியை நொந்துகொள்வேன். இந்த 2,150-லும் என் சாப்பாட்டு எழுத்தின் பிழை கலந்திருக்கும் என்பது தெரியும். அதனால் பாதகமில்லை. நான் எப்படித் தப்பாக எழுதுகிறேனோ அதே தப்போடு இனியும் எழுதினால் கணக்கு ஓடும். மில்களில், பெரிய கரண்டைச் சின்னதாக்கி மீட்டருக்குக் கொடுக்கிற சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்திருப்பார்கள். அந்த மீட்டர் காட்டுவதை எதால் பெருக்க வேண்டும் என்று ஒரு பெருக்கு எண் எழுதி ஒட்டியிருப்பார்கள், எம்.எஃப். என்று. என் பட்டைக்கு எம்.எஃப். 0.9. பட்டைக்குள் அதை எழுத இடமில்லை, இணைப்பில் எழுதவும் இடமில்லை. ஒயர் கொடுத்தால் 2,400 அப்படியே போய்ச் சேரும். நான் கலோரி ஒயரை வெட்டியதற்குக் காரணம் இதுதான்.

இப்போது என் போனில் இருப்பது: பட்டையிலிருந்து அடிகள் மட்டும் போகும், பார்த்துக்கொள்வதற்காக. எடை ஒரே இடத்தில் எழுதினால் இரண்டு பக்கமும் போகும், ஏனென்றால் எடை மாறும்போது ஒரு பக்கம் பழைய எடை நின்றுவிட்டால் மறுபடி மகள் ப்ரொஃபைல் கதைதான். கலோரி இரண்டு வரியும் அணைந்திருக்கிறது. செயலியின் இலக்கை நானே 1,750 என்று கையால் போட்டுவிட்டேன், நடந்தாலும் அதுதான், நடக்காவிட்டாலும் அதுதான். தூக்கம், இடம், மற்ற எல்லா அனுமதியும் மூடல். 2018-ல் மைஃபிட்னஸ்பால் செயலியின் சுமார் 15 கோடிக் கணக்குகளின் பயனர் பெயரும் மின்னஞ்சலும் கசிந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. நான் என்ன சாப்பிட்டேன் என்பது தெரிந்து யாருக்கு என்ன லாபம் என்று மனைவி கேட்கிறாள். பதில் தெரியாவிட்டாலும், தேவையில்லாத ஒயரைத் தொங்கவிடுவது எனக்குப் பிடிக்காது.

இவ்வளவையும் செய்துவிட்டு, சகலையின் போனில் நானே கலோரி இணைப்பைப் போட்டுக் கொடுத்தேன்.

சகலையை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு இறங்கினால் முந்நூறு மரம், அதுவும் சரிவில். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார், எடை 61-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என் மகன் ஆசையாக அவருக்கும் செயலியை ஏற்றிக் கொடுத்து, எடை மாறாமல் இருக்க என்று போட, அது தினம் 1,640 என்றது. நாலு நாள் அப்படிச் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டார். "தம்பி, இந்தக் கணக்குப்படி தின்னா நான் அஞ்சாவது நாள் மரத்துலயே சாஞ்சு கெடப்பேன்."

அவர் வேலை என் வேலை மாதிரி ஒரே சீர் இல்லை. வெட்டுகிற நாளில் பட்டை 2,500 காட்டும். மழை பிடித்தால் வெட்டு இல்லை, வீட்டில் உட்கார்ந்தால் 1,750. இப்படி ஏறி இறங்குகிற லோடுக்கு நிலையான ஒரு எண் வைத்தால் ஒரு நாள் பட்டினி, ஒரு நாள் மிச்சம். பத்து சதவீதம் தப்பான மீட்டர் அவருக்கு மீட்டரே இல்லாததை விட மேல். போனைத் தவிர்த்து, மைனஸ் சுவிட்சைப் போட்டு, ப்ரொஃபைலை இரண்டு தடவை சரிபார்த்து இணைத்தேன். பட்டை கூட்டித் தருவதில் முக்கால் பங்கு சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் சரி என்ற பிறகுதான் ஆரம்பித்தது. எடை இத்தனை வாரமாக 61-ஐ விட்டு அசையவில்லை.

ஓணத்தன்று அவர்கள் வீட்டில்தான் சத்யை. அவியல், ஓலன், எரிசேரி, இரண்டு பாயசம். நானும் அண்ணாச்சியும் போனை எடுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தோம். மூன்றாவது கறியில் மதினி வந்து இரண்டு போனையும் வாங்கிக்கொண்டுபோய் அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டார். அன்றைக்குக் குத்துமதிப்பாக 2,500 என்று ஒரே வரி.

புரட்டாசியில் மறுபடி ரத்தம் கொடுத்தேன், 5.8. எடை 81.3. பட்டை இடது கையில்தான் கிடக்கிறது. காயில் சுற்றும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறேன், வார்னிஷ் பட்டால் வார் விறைத்துப்போகிறது. போன வாரம் விடியற்காலை ஐந்தரைக்கு அண்ணாச்சி போன். அந்தப் பக்கம் கொட்டுகிற மழைச் சத்தம் கேட்டது.

"தம்பி, ராத்திரியிலருந்து மழ. வெட்டு இல்ல. போனு இப்பவே முந்நூறு கழிச்சிருச்சு. உங்க மதினி இங்க கப்பைக் கிழங்கு அவிச்சு எறக்குதா. என்ன செய்ய?"

"மதினி கிட்ட போனக் காட்டாதீங்க அண்ணாச்சி" என்றேன்.